செஞ்சி மலையில ஆர்கானிக் மேப்ஸ், திரும்பி வந்து கூகுள் எர்த்: ஒரு ஜியாகிரபி டீச்சரோட ரிவ்யூ

செஞ்சிக் கோட்டையோட மூணு மலையில ஒண்ணான ராஜகிரியில, உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மலை ரெண்டா பிளந்து நிக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம், மேல ஒரு பாலம், அதைத் தாண்டினாத்தான் உச்சிக் கோட்டை. போன ஜனவரியில அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எங்க ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி கைல இருந்த ஃபோனையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு "மிஸ், இதுல இந்தப் பள்ளமே இல்லையே, சும்மா சரிவா மேல ஏறுற மாதிரிதான கோடு போட்டிருக்கு"ன்னு கேட்டா. பதினோரு வருஷமா ஜியாகிரபி எடுக்குறேன், சம உயரக் கோடு (ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேத்து மேப்ல போடுற கோடு) பத்தி ஒரு பிள்ளை கேட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி அதுதான். இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே அந்தக் கேள்வியாலதான்.

விஷயம் என்னன்னா, மூணு வருஷமா எங்க ஸ்கூல் பசங்களை செஞ்சிக்குக் கூட்டிட்டுப் போய் மேப் பாடம் எடுக்குறேன். அதுக்கு எந்தெந்த ஆப், எந்தெந்த மேப் உதவுச்சு, எது ஸ்கூலுக்குத் தோதுப்படல, எதை எப்ப கைல எடுக்கணும்னு நிறைய டீச்சருங்க கேக்குறாங்க. எல்லாமே காசில்லாம கிடைக்குறதுதான். ஆனா எந்த வரிசையில காட்டுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. மொத வருஷம் நான் செஞ்ச தப்பு, லேப்ல கூகுள் எர்த்தை போட்டு கோட்டையை 3டில சுத்திக் காட்டிட்டு அப்புறம் மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். பிள்ளைங்க மேல போய் "ஆமா மிஸ், பாத்தோமே"ன்னு நின்னுட்டாங்க. கேக்க ஒண்ணும் இல்ல அவங்களுக்கு. அடுத்த வருஷம் அப்படியே திருப்பிப் போட்டேன், மொதல்ல பேப்பர், அப்புறம் கால், கடைசியிலதான் பெரிய ஸ்க்ரீன்.

பேப்பர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். சர்வே ஆஃப் இந்தியாவோட டோப்போஷீட், அதாவது மேடு பள்ளம், ரோடு, ஏரின்னு எல்லாம் போட்ட மேப், 1:50,000 ஸ்கேல், 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. அவங்க சைட்ல பேர் பதிஞ்சா பி.டி.எஃப்.பா இறக்கிக்கலாம், ஏ3ல கலர் ப்ரிண்ட் எடுத்தா போதும். செஞ்சில ஒரு அழகான சிக்கல் இருக்கு. பழைய நம்பர் முறையில 57 P ஷீட்டை 15 நிமிஷம் 15 நிமிஷமா (டிகிரில அறுபதுல ஒரு பங்குதான் இங்க நிமிஷம்) வெட்டியிருப்பாங்க, செஞ்சிக் கோட்டை கிட்டத்தட்ட சரியா 12 டிகிரி 15 நிமிஷம் வடக்குல உக்காந்திருக்கு, அதாவது ஷீட்டு வெட்டுற கோடு அது பக்கத்துலயே போகுது. அதனால 57 P/7, 57 P/8 ரெண்டையும் ப்ரிண்ட் எடுத்து ஓரத்தைக் கத்திரிச்சு ஒட்டணும். எனக்கு இது தொந்தரவா தெரியல, வரம்னுதான் சொல்வேன். அட்சரேகை, தீர்க்கரேகைன்னு போர்டுல எத்தனை தடவை எழுதினாலும் ஏறாதது, ரெண்டு தாளை வெச்சு ரோடும் ஏரியும் சரியா சேருதான்னு பாத்துப் பாத்து கம் தடவுனப்ப ஏறிடுச்சு. ஒரு பையன் ஒட்டி முடிச்சிட்டு "அப்போ இந்தக் கோடு நிஜமாவே அங்க தரையில இருக்கா மிஸ்"னு கேட்டான். இருக்காது, ஆனா ஜி.பி.எஸ். வெச்சு அது மேல போய் நிக்கலாம்னு சொன்னேன். நின்னோம் அப்புறம், அதைக் கீழ சொல்றேன்.

ஷீட்டு ஒட்டுன கையோட கிளாஸ்ல ஒரு வேலை குடுப்பேன். ராஜகிரி 800 அடின்னு பல இடத்துல எழுதியிருக்கும். எங்கேயிருந்து 800? தரையில இருந்தா, கடல் மட்டத்துல இருந்தா? சம உயரக் கோடுகளை எண்ணிப் பாத்து சொல்லுங்கன்னு விட்டுடுவேன். விடையை இங்க போட மாட்டேன், அடுத்து போற பிள்ளைங்களும் அவங்களே எண்ணட்டும்.

மலைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஸ்கூல் கிரவுண்ட்லயே இன்னொண்ணு செய்வோம். டேப் வெச்சு 50 மீட்டர் நேர்கோடு அளந்து, ரெண்டு முனையிலயும் நின்னு ஊர் மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு கோணம் பாத்து, முக்கோணம் வரைஞ்சு தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. 1802 ஏப்ரல் 10ம் தேதி வில்லியம் லாம்டன்னு ஒரு ஆங்கிலேய சர்வேயர் பரங்கிமலைக்குப் பக்கத்துல இதே வேலையைத்தான் தொடங்குனார், அவரோட அடிக்கோடு 7.5 மைல், 100 அடி நீள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு அளந்தாங்க. அந்தக் கோட்டுல இருந்து கிளம்புன முக்கோணங்கள்தான் பின்னாடி இமயமலை வரைக்கும் போச்சு. இந்தியாவை அளந்த வேலை நம்ம ஊர்ப் பக்கம் ஒரு குன்றுகிட்ட ஆரம்பிச்சுதுன்னு சொன்னப்ப பசங்க முகத்தைப் பாக்கணும். எங்க அளவு, கூகுள் எர்த் ரூலர்ல பாத்ததுக்கு 9 மீட்டர் வித்தியாசம் வந்துச்சு, சாதா காம்பஸ்ல இது ரொம்பவே நல்ல வேலை.

இனி மெயினா ரிவ்யூ பண்ண வந்த ஆப், ஆர்கானிக் மேப்ஸ். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல உலகம் முழுக்க ஜனங்க சேர்ந்து வரைஞ்சு வெச்சிருக்குற மேப்பை எடுத்து, ஃபோன்லயே இறக்கி வெச்சு, நெட் இல்லாம காட்டுற ஆப் இது. விளம்பரம் கிடையாது, லாகின் கிடையாது, நம்ம எங்க போறோம்னு யாருக்கும் அனுப்புறதும் கிடையாது. பிள்ளைங்க கைல குடுக்குற ஆப்புக்கு எனக்கு இந்த மூணும் ரொம்ப முக்கியம், பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அம்மா இதைத்தான் மொத கேள்வியா கேட்டாங்க, தைரியமா பதில் சொல்ல முடிஞ்சுது. தமிழ்நாடு மேப்பை ஸ்கூல் வைஃபைல ஒரு தடவை இறக்கிட்டா போதும். லேயர்ல போய் சம உயரக் கோட்டை ஆன் பண்ணலாம், நடந்த பாதையை ரெக்கார்ட் பண்ணலாம், பண்ணதை ஜி.பி.எக்ஸ். ஃபைலா வெளிய எடுக்கலாம். ஃபோன் மொழியை தமிழ்ல வெச்சா, தமிழ்ப் பேரு போட்டு வெச்சிருக்குற ஊரெல்லாம் தமிழ்லயே வருது, எங்க பசங்களுக்கு இது பெரிய விஷயம், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிச்சுக்கிட்டு நிக்காம நேரா மேப்புக்குள்ள போயிடுறாங்க.

38 பிள்ளைங்க, 6 ஃபோன். பிள்ளைங்க ஃபோன் எடுத்துட்டு வரக் கூடாது, அதனால என்னோடது, பி.இ.டி. சாரோடது, மத்த டீச்சருங்களோடது, கூட வந்த ரெண்டு அப்பாங்களோடதுன்னு சேத்து, ஒரு குரூப்புக்கு ஒண்ணு. ஒருத்தர் ஃபோன், ஒருத்தர் ஒட்டுன ஷீட்டு, ஒருத்தர் காம்பஸ், ஒருத்தர் நோட்டு, மீதிப் பேர் கண்ணு, ஒவ்வொரு வாசல்லயும் மாத்திக்கணும். ஃபோன் வெச்சிருக்குறவங்க வழி சொல்லக் கூடாது, ஷீட்டு வெச்சிருக்குறவங்கதான் வழி சொல்லணும், ஃபோன் சரிபாக்க மட்டும்தான், இது நான் போட்ட ரூல். இந்த ரூல் இல்லன்னா ஆறு பேரும் ஒரு நீலப் புள்ளியைச் சுத்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடப்பாங்க, மலை வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

ஒரு டிப்ஸ், ஏரோப்ளேன் மோட்ல போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சார்ஜ் நிக்கும். ஆனா நெட் இல்லாம முதல் தடவை இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும், ஏன்னா சாட்டிலைட்டு அதோட பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்துலதான் அனுப்பும். அதனால பஸ்ஸை விட்டு இறங்குனதும் ஆன் பண்ணி, இடம் பிடிச்ச பிறகு ஏரோப்ளேன் மோட்.

அடிவாரத்துலயே ஒரு குழப்பம் வந்துச்சு. உயரம் பாக்கலாம்னு ஒரு ஃபோன்ல வேற ஏதோ ஒரு ஜி.பி.எஸ். ஆப் போட்டிருந்தாங்க, பேர் வேணாம், அதுல உயரம் சைபரை ஒட்டி ஓடுது. ஷீட்டுல பாத்தா அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல 90 மீட்டர் சுமாருக்கு இருக்கு. "செஞ்சி கடலோரமா மிஸ்?" இந்த இடத்துல நான் பாடத்தையே நிறுத்திட்டு கீழ உக்கார வெச்சு சொன்னேன். ஜி.பி.எஸ். உயரத்தை அளக்குறது பூமியை ஒரு வழவழப்பான, லேசா அமுங்குன உருண்டை மாதிரி கணக்குல வரைஞ்சுக்கிட்டு அது மேல இருந்து, நிஜக் கடல் மட்டம் அப்படி வழவழப்பா இல்ல, புவியீர்ப்பு எங்க கம்மியோ அங்க தாழ்ந்து கிடக்கும். உலகத்துலயே அது ரொம்பத் தாழ்ந்த இடம் நமக்குக் கீழ, இலங்கைக்குத் தெக்கால இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, 100 மீட்டருக்கு மேலயே தாழ்வு. அதோட ஓரத்துலதான் நம்ம தமிழ்நாடு. அதனால இந்த வித்தியாசத்தைத் திருத்திக் காட்டாத ஆப்ல நம்ம ஊர்ல எல்லாம் 80, 90 மீட்டர் குறைச்சுக் காட்டும், மெரினாவுல நின்னா மைனஸ்ல போகும். எந்த வீடியோவும் காட்டாம, ஒரு தப்பான நம்பரை வெச்சே புவியீர்ப்பு வரைக்கும் போயிட்டோம் அன்னிக்கு. ஆப் தப்பாக் காட்டுனா உடனே மூடிடாதீங்க, ஏன் தப்புன்னு கேட்டுப் பாருங்க.

12 டிகிரி 15 நிமிஷக் கோட்டையும் தேடுனோம். ஒரு குரூப்பு ஃபோன்ல அட்சரேகை நம்பரைப் பாத்துக்கிட்டே நாலடி வடக்க, ரெண்டடி தெக்கன்னு நகந்து நகந்து, கடைசி இலக்கம் நிக்காம ஆடிக்கிட்டே இருக்க, ஒருவழியா ஒரு இடத்துல செருப்பால கோடு கிழிச்சாங்க. நல்ல வெட்டவெளியில ஃபோன் ஜி.பி.எஸ். 5 மீட்டர் சுமாருக்குத் துல்லியம், அதனால அந்தக் கோட்டுக்கு அகலமே பத்து மீட்டர்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. அந்த ஒரு வரிக்கு முழு மார்க் போட்டேன்.

ஏறுறப்ப எல்லா இடத்துலயும் நிறுத்தல, ரெண்டு இடத்துலதான். ஒண்ணு, பாறைங்க. செஞ்சி மலை பூராவும் யாரோ அடுக்கி வெச்ச மாதிரி உருண்டைப் பாறையா கிடக்கும், பாடப் புத்தகத்துல பாறை உரிதல்னு ஒரு வரியில முடிஞ்சிடும், இங்க கிரானைட்டு வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு நிக்குறதை விரலால தடவிப் பாக்கலாம். சாட்டிலைட் படத்துல இதெல்லாம் வெறும் சாம்பல் நிறத் திட்டு.

இன்னொண்ணு அந்தப் பிளவு. மொதல்ல சொன்ன கேள்விக்கு வர்றேன். இந்த மாதிரி ஆப்ல வர்ற உயர விவரம் பெரும்பாலும் 2000 பிப்ரவரில எண்டவர் விண்கலம் 11 நாள் சுத்தி ரேடார்ல எடுத்த அளவுல இருந்து வர்றது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 24 அடின்னா 7 மீட்டர் சொச்சம், 30 மீட்டர் சல்லடையில அது எப்படி நிக்கும்? டோப்போஷீட்டுல 20 மீட்டருக்கு ஒரு கோடு, 60 அடி ஆழம் 18 மீட்டர்தான், அதுலயும் நழுவிடலாம். ஒரு ராஜ்ஜியத்தையே காப்பாத்துன பள்ளம் அது, 1690ல இருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை இந்த மலையைச் சுத்தி முற்றுகை போட்டுக் கிடந்துச்சு, அந்த மாதிரி ஒரு விஷயம் மேப்ல இல்லவே இல்ல. பிள்ளைங்ககிட்ட நீங்களே வரைங்கன்னு சொல்லிட்டேன். கயித்துல கல்லைக் கட்டி ஆழம் பாக்கணும்னு ஒருத்தன் கிளம்புனான், அதுக்கு மட்டும் விடல, கம்பியைத் தாண்டக் கூடாதுன்னு பி.இ.டி. சார் அங்கேயே நின்னுட்டார். கண்ணால அளந்து, ஷீட்டு மேல சிவப்புப் பேனாவால வரைஞ்சாங்க.

உச்சில ரங்கநாதர் கோயில் பக்கத்துல நின்னா ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணையும் சேத்துக் கட்டுன மதில் சுவர் முக்கோணமா தெரியும். ஷீட்டைத் தரையில விரிச்சு, வடக்கு பாத்துத் திருப்பி, மூணு மலையையும் விரல் வெச்சுக் காட்டணும். இதுதான் அன்னியப் பரீட்சை. 38 பேருல 4 பேர் தவிர எல்லாரும் சரியா காட்டிட்டாங்க, அந்த நாலு பேரும் கிழக்கை மாத்திப் பிடிச்சிருந்தாங்க, சூரியனைப் பாத்ததும் அவங்களே திருத்திக்கிட்டாங்க.

இப்ப கூகுள் எர்த். ஆனா மலையில இல்ல, மறுநாள் ஹைடெக் லேப்ல. கம்ப்யூட்டர்ல போடுற கூகுள் எர்த் ப்ரோ, 2015ல இருந்து இலவசம், ஆறு குரூப்போட ஜி.பி.எக்ஸ். ஃபைலையும் அதுல திறந்தேன். ஆறு கலர்ல ஆறு கோடு மலையேறுறதைப் பாத்ததும் போட்ட கூச்சல்ல பக்கத்துக் கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பாத்தாங்க. "மிஸ் அது நாங்கதான், அந்தச் சுத்துன கோடு இவன் தண்ணி பாட்டிலை மறந்துட்டுத் திரும்ப ஓடுனது." கோட்டு மேல ரைட் க்ளிக் பண்ணி எலிவேஷன் ப்ரொஃபைல் குடுத்தா பாதையோட குறுக்குவெட்டு கீழ படமா வரும், எங்க மூச்சு வாங்குச்சோ அங்க கோடு செங்குத்தா நிக்கும். சம உயரக் கோடு நெருங்கி இருந்தா செங்குத்துச் சரிவுன்னு நான் சொல்லவே வேண்டியிருக்கல, காலுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. இதே ப்ரொஃபைலை மொத வருஷம் போகுறதுக்கு முன்னாடி காட்டுனப்ப ஒருத்தர் கூட வாயைத் திறக்கல.

அப்புறம் ஆத்தைப் பிடிச்சோம். சங்கராபரணி இந்த செஞ்சி மலைப் பக்கத்துல பிறந்து வீடூர் அணை வழியா புதுச்சேரி கிட்ட கடல்ல சேருது, எர்த்ல மேல இருந்து கடல் வரைக்கும் ஒவ்வொரு வளைவா நகத்திக்கிட்டே போனா அரை மணி நேரம் ஆகுது, நடுவுல அவங்கவங்க மாமா ஊர், அத்தை ஊர்லாம் வந்துடும். பழைய சாட்டிலைட் படங்களையும் மாத்திப் பாக்கலாம், அணையில தண்ணி வருஷா வருஷம் ஏறி இறங்குறது தெரியும். எர்த்ல ஒரு விஷயத்துக்கு மட்டும் கவனமா இருங்க, மலையை மூணு மடங்கு வரைக்கும் உசரமா இழுத்துக் காட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கு, அழகா இருக்கும், ஆனா நடந்துட்டு வந்த பிள்ளைக்கு அது பொய். 1லயே வெச்சுக்கோங்க.

மத்தது சுருக்கமா. இஸ்ரோவோட மேப் சைட் புவன் 2009ல வந்தது, அதுல ஸ்கூல் புவன்னு பாடத்தை ஒட்டி மண், காடு, ஆறுன்னு தனித்தனி லேயரா மேப் இருக்கு, கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டுல போட்டு இந்தியா பாடம் எடுக்க நல்லா இருக்கு, மலையில எடுத்துட்டுப் போற சாமான் இல்ல. க்யூ.ஜி.ஐ.எஸ். மேப் தயாரிக்குற பெரிய மென்பொருள், இலவசம், நானே அதுல மேப் போடுறேன், ஆனா ஒன்பதாவதுக்கு வேணாம், ப்ளஸ் ஒன் ஜியாகிரபி ப்ராக்டிகல் பிள்ளைங்களுக்குக் குடுங்க, ஒரு மாசம் பிடிக்கும். ஒரு கம்பெனி வந்து கண்ணுல மாட்டுற வி.ஆர். பெட்டி டெமோ காட்டுனாங்க, எவரெஸ்ட்டு மேல நிக்கலாம்னு, ஸ்கூல் பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. அந்தக் காசுல பத்து வருஷம் செஞ்சிக்கு பஸ் விடலாம்.

பஸ், சாப்பாடு, ப்ரிண்ட் எல்லாம் சேத்து எங்களுக்கு ஒரு பிள்ளைக்கு 210 ரூபா ஆச்சு. தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது, ஸ்கூல் லெட்டரும் ஐடியும் எடுத்துட்டுப் போங்க.

ஆர்கானிக் மேப்ஸ்க்கு என் மார்க் 5க்கு நாலரை. அரை மார்க் எதுக்குக் குறைச்சேன்னா, அதுல புள்ளிகளைத் திருத்தலாம், ஆனா புதுசா ஒரு பாதையை ஆப்லயே வரைய முடியாது, அதுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சைட்டுக்குத்தான் போகணும். போனோம். மலையில ஒரு சுனை இருக்கு, மேப்ல இல்ல, ரெண்டு குரூப்போட புள்ளியையும் ஒப்பிட்டுப் பாத்து லேப்ல உக்காந்து சேத்தோம். கொஞ்ச நாள்ல ஆப்புல புது மேப் இறங்குனப்ப அந்தச் சுனை அங்க நீலமா இருந்துச்சு. "நாம போட்டதை வேற ஊர்க்காரங்களும் பாப்பாங்களா மிஸ்?" பாப்பாங்க. செஞ்சி 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் பன்னெண்டுல ஒண்ணா சேந்திருக்கு, அந்தப் பன்னெண்டுல தமிழ்நாட்டுல இருக்குறது இது ஒண்ணுதான், எங்கெங்கேயோ இருந்து வருவாங்க. ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு வெச்ச புள்ளியைப் பாத்துத்தான் தண்ணி எங்கன்னு தேடுவாங்க, ஆனா குடிக்குற தண்ணி இல்லன்னு குறிப்பையும் அவளே சேக்கச் சொன்னா.

ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஆப்ல ஒரு பாதை தெரிஞ்சா அங்க பாதை இருக்குன்னுதான் அர்த்தம், போகலாம்னு அர்த்தம் இல்ல. செஞ்சி தொல்லியல் துறை கோட்டை, படிக்கட்டு இருக்கு, காவலர் இருப்பாங்க, அதனாலதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். காட்டு மலைன்னா வேற கதை. 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போனவங்க எத்தனை பேரை இழந்தோம். வனத்துறை 2024ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகளை கைடோட திறந்திருக்காங்க, காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்னா அது வழியா மட்டும் போங்க, ஃபோன்ல தெரியுற ஒத்தையடிப் பாதையை நம்பிப் பிள்ளைங்களை இறக்காதீங்க.

போறதுன்னா டிசம்பர் கடைசி, ஜனவரி. காலைல எட்டு மணிக்கு முதல் படியில கால் வெச்சிடணும், மார்ச்சுக்கு மேல அந்தப் பாறை சுடுறதுல ஏற முடியாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி. குரங்கு நிறைய, சாப்பாட்டை பஸ்லயே விட்டுட்டு ஏறுங்க, ஷீட்டை மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போடுங்க, எங்க ஒரு ஷீட்டைக் குரங்கு பிடுங்கிட்டுப் போய் 57 P/8 பாதியைக் கிழிச்சிடுச்சு, அந்தக் குரூப்பு தெக்குப் பக்கம் பூராவும் மனப்பாடமா வரைய வேண்டியதாச்சு, நல்லாவே வரைஞ்சாங்க.